எண்ணுக்குச் சீட்டு கட்டினால் போதுமா?

ஐதராபாத்தின் மேற்குக் கோடியில் உள்ள கச்சிபௌலி, இரண்டு தலைமுறைக்கு முன்பு பாறையும் புதரும் மண்டிய கிராமம். 1974-ல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் பின்னர் அங்கே வளாகம் அமைத்தது. 2002-ல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியம் எழும்பியது. அதன் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகளும், வெளிநாட்டு வங்கிகள், தணிக்கை நிறுவனங்களின் அலுவலகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இன்று நள்ளிரவிலும் அங்கே மாடிக்கு மாடி விளக்கு எரிகிறது.

அந்த விளக்குகளின் கீழே நடக்கும் வேலைகளில் ஒன்று சற்று விசித்திரமானது. கம்பெனிகளின் கணக்கில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் கம்ப்யூட்டரில் ஓர் அடையாளச் சீட்டு கட்ட வேண்டும். இதற்கு 'டேகிங்' என்று பெயர். பி.காம். முடித்துவிட்டு மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த இளைஞர்கள் செய்யக்கூடிய உத்தியோகம் இது. ஊரில் இருக்கும் பெற்றோர் "பிள்ளை என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால், "கணக்கு வேலை" என்று சொல்லி முடித்துவிடலாம். அதற்கு மேல் விளக்குவது கடினம்.

ஆனால் விளக்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. இந்த வேலை எதற்காக வந்தது, எத்தனை காலம் நிலைக்கும், சீட்டு கட்டிய கணக்கால் சாதாரணத் தொழிலாளிக்கு ஏதாவது நன்மை உண்டா என்பவை, அந்த அலுவலகங்களை நம்பி வாழ்கிறவர்களையும் அவற்றின் வாசலில் காவல் நிற்பவர்களையும் ஒருங்கே பாதிக்கும் கேள்விகள்.

பார்சல் சீட்டு

ஒரு கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டில் "சம்பளச் செலவு 42" என்று இருந்தால், படித்த மனிதர் அதைப் புரிந்துகொள்வார். பக்கத்தின் மேலே "ரூபாய் கோடியில்" என்று போட்டிருப்பதையும், எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் கண் தானாகவே சேர்த்துப் படித்துக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதற்கு 42 என்பது வெறும் 42. அது வயதா, கோடியா, பக்க எண்ணா என்று அதற்குத் தெரியாது.

1998-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹாஃப்மன் என்ற கணக்காளர் இதற்கு ஒரு வழி கண்டார். எண்ணைத் தனியே அனுப்பாமல், அதன் பெயர், கம்பெனி, காலம், நாணயம், ஆயிரமா கோடியா என்ற அளவு ஆகிய எல்லாவற்றையும் அதனுடனேயே கட்டி அனுப்புவது என்பதே அந்த வழி. எக்ஸ்.பி.ஆர்.எல். என்று இன்று உலகெங்கும் வழங்குவது அதிலிருந்து வளர்ந்ததுதான். செகந்திராபாத் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசில் மூட்டைக்குச் சீட்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்கிருந்து, எங்கே, யாருக்கு, எத்தனை கிலோ என்று சீட்டு சொல்லிவிடும். மூட்டையைப் பிரிக்காமலே ஊர் ஊராகப் பிரித்து அடுக்கிவிடலாம்.

சீட்டில் எழுதும் பெயரை அவரவர் இஷ்டம்போல் எழுதினால் குழப்பம் வரும். ஆகவே எந்தெந்தப் பெயர்களைப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு நாடும் ஓர் அகராதி வெளியிடுகிறது. 'டாக்ஸானமி' என்று அலுவலகங்களில் சொல்வது இந்த அகராதியைத்தான். அதில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கும். கணக்கில் உள்ள ஒரு வரிக்கு அவற்றில் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதே சீட்டு கட்டுபவரின் வேலை.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2009-ல் பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் வரி இலாகா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2011 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் வருமான வரிக் கணக்கோடு இணைக்கும் ஆண்டுக் கணக்கும் வரிக் கணக்கீடும் ஐ.எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவத்தில்தான் வரவேண்டும் என்றது. இந்த வடிவத்தில் ஒரே தாளை மனிதரும் படிக்கலாம், இயந்திரமும் படிக்கலாம். சீட்டுகள் தாளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும்.

பெரிய கம்பெனிகள் மட்டுமின்றி, லண்டனில் தெருமுனைக் கடை நடத்தும் சிறு கம்பெனியும் இதற்கு உட்பட்டது. அத்தனை சீட்டுகளையும் யார் கட்டுவது? வேலை இந்தியாவுக்கு வந்தது. சென்னையிலும் ஐதராபாத்திலும் இதற்கென்றே பிரிவுகள் தொடங்கப்பட்டன. அங்குள்ள கெடு நாட்களை ஒட்டி இங்கே வேலை குவியும். லண்டனில் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்றால் கச்சிபௌலியில் விடியற்காலை ஐந்தரை, கோடையில் நான்கரை. இரவு ஷிப்டுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழை

வெறும் குமாஸ்தா வேலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு கம்பெனி தன் கணக்கை ஆயிரம் பவுனில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாளில் 4,250 என்று இருக்கும். அதன் சீட்டில் 'ஆயிரத்தில்' என்று குறிக்க மறந்துவிட்டால், இயந்திரம் நாற்பத்திரண்டரை லட்சம் பவுனை வெறும் 4,250 பவுனாக எடுத்துக்கொள்ளும். தாளைப் பார்க்கும் மேலதிகாரிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பிழை சீட்டுக்குள் இருக்கிறது.

கழித்தல் குறி இன்னொரு தொல்லை. கணக்காளர்கள் செலவையும் நஷ்டத்தையும் அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். ஆனால் அகராதியில் உள்ள பெயரே 'செலவு' என்று இருந்தால், அங்கே எண்ணைக் கூட்டல் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். பார்த்தபடியே கழித்தல் போட்டுவிட்டால் செலவு வரவாகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான். கணக்குப் படித்தவருக்கும், பயிற்சி வகுப்பில் பொத்தான் அழுத்த மட்டும் கற்றவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது.

இந்தியாவில் வந்த விதம்

நம் நாட்டில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2011-ல் இந்த முறையைக் கட்டாயமாக்கியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள், அவற்றின் இந்தியத் துணைக் கம்பெனிகள், செலுத்தப்பட்ட மூலதனம் ரூ.5 கோடியோ அதற்கு மேலோ உள்ளவை, விற்றுமுதல் ரூ.100 கோடியை எட்டியவை ஆகியன 2010-11 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இந்த வடிவத்தில் தாக்கல் செய்யத் தொடங்கின. வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இதில் சேரவில்லை.

அமெரிக்காவில் அகராதியில் இல்லாத பெயரைக் கம்பெனியே உண்டாக்கிக்கொள்ளலாம். இந்திய அமைச்சகத்தின் அகராதியில் அந்தச் சலுகை கிடையாது. இருக்கும் பெயர்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இது வசதி. பொருந்தாத சட்டையை மாட்டிவிடுகிறார்கள் என்று தணிக்கையாளர்கள் குறைப்படுவதும் உண்டு.

தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம். 2018 ஜூலையிலிருந்து இந்த விதி. 2025 ஜூலையில் ஆண்டுக் கணக்குப் படிவங்கள் அமைச்சகத்தின் புதிய கம்ப்யூட்டர் தளத்துக்கு மாறின. புதிய முறைக்குப் பழகிக்கொள்ள அவகாசம் போதவில்லை என்ற முறையீடுகள் எழவே, அந்த ஆண்டு அக்டோபரில் அமைச்சகம் டிசம்பர் 31 வரை கூடுதல் கட்டணமின்றித் தாக்கல் செய்ய அனுமதித்தது. கெடு நீண்டது கம்பெனிக்கு நிம்மதி. இரண்டு மாதம் கூடுதலாக இரவு கண்விழித்த சிப்பந்திகளுக்கு அது எப்படியிருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

சத்யம் சொல்லும் பாடம்

ஐதராபாத்தில் கம்பெனிக் கணக்கைப் பற்றிப் பேசிவிட்டு சத்யம் விவகாரத்தைத் தொடாமல் போக முடியாது. 2009 ஜனவரி 7-ந் தேதி அந்தக் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜூ, கணக்கில் தாம் செய்த புரட்டை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30-ந் தேதிக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் ரூ.5,361 கோடி என்று காட்டப்பட்டிருந்தது. அதில் ரூ.5,040 கோடி இல்லாத பணம் என்று அவரே எழுதினார். ஏறத்தாழ 50,000 பேர் வேலை பார்த்த கம்பெனி அது. அந்த மாதச் சம்பளம் வருமா என்று வீடு வீடாகக் கவலை பரவியது. பிறகு 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா அதை எடுத்துக்கொண்டது. 2015 ஏப்ரலில் ராஜூ உள்பட பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அடுத்த மாதமே அப்பீலில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

சத்யம் வீழ்ந்து இரண்டே ஆண்டுகளில் இந்தியாவில் சீட்டு கட்டும் முறை கட்டாயமாயிற்று. ஆகவே இனி அப்படி ஒரு புரட்டு நடக்காது என்று பலர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பு சரிதானா?

அன்றைய சத்யம் கணக்குக்கு இந்தச் சீட்டைக் கட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 'ரொக்கமும் வங்கி இருப்பும்' என்ற பெயரில் ரூ.5,361 கோடி போயிருக்கும். தாக்கலுக்கு முன் நடக்கும் இயந்திரச் சோதனையில், சொத்துகளின் கூட்டுத்தொகையும் பொறுப்புகளின் கூட்டுத்தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பொருந்தியிருக்கும். இவ்வளவு பெரிய இருப்புக்கு வட்டி எங்கே என்று ஒரு புத்திசாலி இயந்திரம் கேட்டிருந்தாலும் பதில் தயாராக இருந்தது. வரவேண்டிய வட்டி என்று ரூ.376 கோடி கணக்கில் காட்டப்பட்டிருந்தது. அதுவும் இல்லாத பணமே என்று பின்னர் அதே கடிதம் சொல்லிற்று. பொய்க்குத் துணையாக இன்னொரு பொய்யையும் எழுதி வைத்தால் இயந்திரம் திருப்தியடைந்துவிடும். வங்கிக்கு நேரே எழுதி, வங்கியிடமிருந்து நேரே பதில் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதர் ஒருவரால்தான் அதைப் பிடித்திருக்க முடியும்.

சீட்டினால் பயனே இல்லை என்பதல்ல இதன் பொருள். லட்சக்கணக்கான கம்பெனிகளின் கணக்கை ஒரு பதிவாளர் அலுவலகம் தாள் தாளாகப் படிக்க முடியாது. யாருக்குக் கடன் திடீரென்று இரட்டித்தது, யாருக்கு விற்பனை ஏறியும் ரொக்கம் வரவில்லை என்று ஒரு நிமிஷத்தில் பிரித்துக் காட்டச் சீட்டு உதவும். சந்தேகப்பட வேண்டிய நூறு பேரை அது பொறுக்கித் தரும். அந்த நூறு பேரின் வாசலுக்குப் போய்க் கேட்க ஆள் வேண்டும். கச்சிபௌலியிலிருந்து பார்த்தால் நகரத்தின் மறுகோடியில் நாகோல் பண்ட்லகூடாவில் இருக்கிறது ஐதராபாத் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம். கணக்கு அங்கே நொடியில் போய்ச் சேருகிறது. அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும் அதிகாரிகளின் எண்ணிக்கையும் அதே வேகத்தில் பெருகினால்தான் பலன் முழுதாகக் கிட்டும்.

ஒரே கணக்கு, பல வாசல்

வரி விஷயத்தில் இன்னொரு முரண்பாடும் உண்டு. பிரிட்டனில் வரி இலாகாவுக்கே சீட்டு கட்டிய கணக்கு போகிறது. இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத்தான் அந்த வடிவம். வருமான வரிக்குக் கம்பெனிகள் தாக்கல் செய்துவரும் ஐ.டி.ஆர்.-6 படிவம் வேறு. அதிலும் பாலன்ஸ் ஷீட்டும் லாப நஷ்டக் கணக்கும் கேட்கிறார்கள். ஆனால் கட்டம் வேறு, தலைப்பு வேறு, கோப்பின் வடிவமும் வேறு. பங்குச் சந்தைக்குக் காலாண்டு முடிவுகள் தனி. ஜி.எஸ்.டி. தனி. ஒரே எண்ணை ஒரே குமாஸ்தா நாலு இடத்தில் நாலு பெயரில் எழுதுகிறார்.

நெதர்லாந்தில் வரி இலாகா, வர்த்தகப் பதிவாளர், புள்ளிவிவர இலாகா ஆகியவற்றுக்குப் பொதுவாக ஒரே அகராதியை வகுத்துக்கொண்டார்கள். ஒரு முறை சீட்டு கட்டினால் அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். இங்கேயும் 2017 செப்டம்பரில் நேர்முக வரிகள் வாரியமும் கம்பெனி விவகார அமைச்சகமும் தகவல்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. ஆகவே ஒரு வாசலில் ஓர் எண்ணும் மறு வாசலில் வேறு எண்ணும் கொடுத்தால் ஒரு நாள் கேள்வி வரும். அகராதியையும் ஒன்றாக்கிவிட்டால், தெரியாமல் நேரும் தவறுகளுக்கு நோட்டீஸ் போவதாவது குறையும்.

வேலை நிலைக்குமா?

ஒரு காலத்தில் டைப்ரைட்டிங்கில் 'ஹையர்', ஷார்ட்ஹேண்டில் 'இன்டர்' என்ற இரண்டு சர்ட்டிபிகேட்டுகளுடன் தமிழ் இளைஞர்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் செகந்திராபாத்துக்கும் ரயில் ஏறினார்கள். அந்தச் சர்ட்டிபிகேட் ஒரு குடும்பத்தைக் கரையேற்றியது. மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வேகமாகத் தட்டச்சு செய்வது ஒரு தகுதி என்பது போய், எல்லோரும் செய்யும் காரியமாயிற்று. அதில் தப்பியவர்கள், தட்டச்சு செய்த கடிதத்தின் விஷயத்தையும் புரிந்துவைத்திருந்தவர்கள்.

சீட்டு கட்டும் வேலையும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. சிறு கம்பெனிகளின் கணக்கைத் தயாரிக்கும் மென்பொருளே சீட்டையும் கட்டிவிடுவது பிரிட்டனில் பல ஆண்டுகளாக நடப்பதுதான். இப்போது செயற்கை நுண்ணறிவு பெரிய கணக்குகளிலும் பெயரைத் தானே தேடிப் பொருத்துகிறது. சென்ற ஆண்டு இதே கம்பெனிக்குக் கட்டிய சீட்டைப் பார்த்து இந்த ஆண்டும் கட்டுவதற்கு ஆள் தேவைப்படாத நாள் தொலைவில் இல்லை.

ஆனால் ஒரு புதிய வரி வரும்போது நிலைமை மாறுகிறது. ஒரு தொகை கடனா, முன்பணமா, பங்கு மூலதனமா என்று குறிப்புரையைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இயந்திரம் கட்டிய சீட்டு தவறு என்று சொல்ல, கணக்கு தெரிந்த ஒருவர் வேண்டும். பகலில் தூங்கி இரவில் உழைக்கும் இளைஞர்கள், பொத்தான் வேலையோடு நின்றுவிடாமல் சி.ஏ. இன்டரோ, காஸ்ட் அக்கவுண்டன்சியோ, கம்பெனிச் செயலாளர் தேர்வோ ஒரு கை பார்த்துவிடுவது நல்லது. கம்பெனிகள் படிப்புக்கு லீவு தரத் தயங்குகின்றன என்ற மனக்குறை பரவலாக உண்டு. வேலையை மிச்சப்படுத்தும் இயந்திரத்துக்குச் செலவு செய்கிறவர்கள், அதை மேற்பார்க்கும் மனிதருக்கும் கொஞ்சம் செலவு செய்வதில் நஷ்டமில்லை.

வலைக்கு வெளியே

இவ்வளவும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உள்ளவர்களின் சமாச்சாரம். அதே கட்டடத்தின் வாசலில் காவல் நிற்பவர், மாடியைத் துடைப்பவர், காண்டீனில் தோசை வார்ப்பவர், பக்கத்து மனையில் கம்பி கட்டுபவர் ஆகியோருக்கு இதில் என்ன இருக்கிறது?

சட்டப்படி பார்த்தால் நிறையவே இருக்கிறது. கம்பெனி கட்ட வேண்டிய பிராவிடண்ட் ஃபண்டு, இ.எஸ்.ஐ. போன்ற தொகைகளை ஒழுங்காகக் கட்டுகிறதா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும். கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் நிலுவை இருந்தால் எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும். பதிவாளரிடம் உள்ள கணக்கை ரூ.100 கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஆக, தன் முதலாளி தன் பி.எஃப். பணத்தை விழுங்குகிறாரா என்று ஒரு தொழிலாளி கண்டுபிடிக்க வழி உண்டு.

நடைமுறையில்தான் சிக்கல். காவல்காரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் முதலாளி அந்தப் பெரிய கம்பெனி அல்ல. ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டர். அவர் கம்பெனியே நடத்தாமல் தனிநபராகத் தொழில் செய்யலாம். கம்பெனி நடத்தினாலும் மூலதனம் ரூ.5 கோடியைத் தொடாது, விற்றுமுதல் ரூ.100 கோடியை எட்டாது. சீட்டு கட்டும் கட்டாயம் அவருக்கு இல்லை. மிகச் சிறிய தனியார் கம்பெனிகளுக்கு நிலுவைத் தொகை பற்றிய தணிக்கை அறிக்கையிலிருந்தும் விலக்கு உண்டு. பணம் பறிபோகும் அபாயம் எங்கே அதிகமோ அங்கே வலையின் கண்ணும் பெரிதாக இருக்கிறது. வரம்பை வகுத்தவர்கள் முதலீட்டாளரை மனத்தில் வைத்து வகுத்தார்கள். மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுபவரை நினைக்கவில்லை.

அவர்களுக்கு உதவக்கூடியது கம்பெனிப் பதிவாளரின் ஏடு அல்ல, பி.எஃப். அலுவலகத்தின் ஏடு. ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் 'நிறுவனத் தேடல்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. காண்டிராக்டரின் நிறுவனப் பெயரையோ, பி.எஃப். கோடு எண்ணையோ கொடுத்தால், எந்த மாதத்துக்கு எவ்வளவு தொகை, எத்தனை தொழிலாளருக்காக, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று வரிசையாகக் காட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பாஸ்வேர்டும் தேவையில்லை. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் நாற்பது பேருக்கு மட்டும் பணம் போயிருந்தால் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். தன் பெயரில் பணம் வந்ததா என்பதை யூ.ஏ.என். எண்ணைக் கொண்டு பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷ் பக்கத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாடியில் இரவெல்லாம் லண்டன் கம்பெனிகளின் எண்ணுக்குச் சீட்டு கட்டும் தமிழ்ப் பிள்ளைக்கு இது ஐந்து நிமிஷ வேலை. ஷிப்டு முடிந்து இறங்கும்போது வாசலில் நிற்கும் நம் ஊர்க்காரரிடம், "அண்ணே, உங்க காண்டிராக்டர் பேர் என்ன?" என்று கேட்க வேண்டியதுதான்.